மருதாணியா, ஜாகுவாவா, ஊசியா?

பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று வாயைத் திறந்தால் நம் வீடுகளில் வரும் முதல் பதில் "வேலை கிடைக்காது". இரண்டாவது, "கேங் பையன் மாதிரி இருக்கும்". முதல் பதிலில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. போலீஸ், ராணுவ ஆள்சேர்ப்பில் பச்சை குத்திய உடம்பைத் தள்ளிவிடுவார்கள். விமானப் பணியாளர் வேலைக்கும் சீருடைக்கு வெளியே தெரிந்தால் சிக்கல்தான். இரண்டாவது பதில் வெறும் வாய்ப்பேச்சு. ஆனால் அம்மாவிடம் அப்படிச் சொல்லி ஜெயித்தவர் யாரும் இல்லை. அதனால்தான் "செடியிலிருந்து எடுத்தது, இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும்" என்று ஆன்லைனில் வரும் தற்காலிக டாட்டூச் சரக்குக்குக் கோலாலம்பூரில் நல்ல கிராக்கி.

செடி என்றால் தற்காலிகம், பத்திரம். கெமிக்கல் என்றால் நிரந்தரம், ஆபத்து. விளம்பரங்கள் இப்படித்தான் கோடு கிழிக்கின்றன. அந்தக் கோடே தப்பு என்பது என் கட்சி. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போன பாட்டிமார் பலருடைய முன்கையில் கோலப் பச்சை இருந்ததை நம்மில் நிறையப் பேர் பார்த்திருக்கிறோம். ஊரில் குறத்திகள் குத்திவிட்ட அந்தப் பச்சைக்கு மை எது? மஞ்சளையும் அகத்தி இலையையும் எரித்து எடுத்த கரி. சுத்தமான செடிச் சரக்கு. ஆனாலும் சுடுகாடு வரை கூடவே போனது. சரவாக்கில் இபான் ஆண்கள் முன்தோளில் குத்திக்கொள்ளும் கத்தரிப்பூவான 'புங்காய் தெருங்'கும் மரபுப்படி கரி மையால் குத்தியதே. அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. சாயம் தோலின் எந்த அடுக்கில் போய் உட்காருகிறது? கடையில் விற்கும் மருதாணிக் கோனுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது?

தோலின் வெளிப்படலம் செத்த செல்களால் ஆனது. உரிந்து உரிந்து புதுசாகிக்கொண்டே இருக்கும். மருதாணியும், ஜாகுவா என்ற காய்ச்சாற்றுச் சாயமும் அந்தப் படலத்தோடு நின்றுவிடும். படலம் உரிந்தால் கோலமும் போச்சு. ஊசியோ ஒன்று இரண்டு மில்லிமீட்டர் இறங்கி உள்தோலில் மையை வைக்கிறது. அங்கே உடம்பின் எதிர்ப்பு செல்கள் மையை அந்நியப் பொருள் என்று விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. மையை வைத்திருந்த செல் செத்தால் பக்கத்துச் செல் அதே மையைத் திரும்ப விழுங்கிவிடுகிறது. பிரான்சில் எலிகளை வைத்துச் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் காட்டினார்கள். பச்சை ஆயுசுக்கும் நிற்பது இந்தக் கைமாற்றலால்தான்.

முதலில் மருதாணி. தீபாவளிக்கு முந்தின வாரங்களில் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் போனால் கடை வாசல் ஐந்தடிப் பாதையில் பிளாஸ்டிக் முக்காலியும் டிசைன் ஆல்பமுமாக அக்காமார் உட்கார்ந்திருப்பார்கள். மஸ்ஜிட் இந்தியா பக்கமும் உண்டு. மலாய்க் கல்யாணங்களும் இனாய் என்று அவர்கள் சொல்லும் மருதாணி இல்லாமல் நடக்காது. இலையிலுள்ள லாசோன் என்ற பொருள் தோலின் கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. விழுதைச் சுரண்டி எடுத்ததும் ஆரஞ்சாகத்தான் இருக்கும்; ஒன்றிரண்டு நாளில் செம்பழுப்பாக இறங்கும். எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, கொஞ்சம் யூகலிப்டஸ் அல்லது தேயிலைமர எண்ணெய் சேர்த்த புது விழுது நன்றாகப் பிடிக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் சுரண்டி எடுத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் இன்னும் நல்லது.

உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் இதை மிஞ்ச ஆள் இல்லை, அங்கே படலம் தடிமன். ஆனால் டாட்டூ ஆசையோடு வருகிறவர் கேட்பது தோளில், கழுத்துக்குப் பின்னால், முழங்கைக்கு மேலே. அங்கே படலம் மெல்லிசு. மருதாணி வெளிறிய ஆரஞ்சோடு நின்றுவிடும். நம் மாநிறத்தில் நாலடி தள்ளி நின்றால் தெரியவே தெரியாது. தோளுக்கு மருதாணி போட்டுவிட்டு டாட்டூ மாதிரி இல்லையே என்று அங்கலாய்ப்பதில் அர்த்தமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மலேசியாவில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் ஒதுக்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று வீட்டுக்கு வரும். அந்துருண்டையை எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள், மருதாணியை மறந்துவிடுகிறார்கள். லாசோன் இந்தக் குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். உங்கள் பிள்ளைக்கு இந்தக் குறைபாடு இருந்தால் பெருநாளானாலும் வேண்டாம், சுத்தமான இலையானாலும் வேண்டாம்.

அப்புறம் ஜாகுவா. இது நம் ஊர்ச் சரக்கு இல்லை. தென், மத்திய அமெரிக்கக் காடுகளில் காய்க்கும் ஜெனிபா அமெரிக்கானா என்ற மரத்தின் காய். பனாமா, கொலம்பியாப் பக்கம் எம்பெரா மக்கள் தலைமுறை தலைமுறையாக இதன் சாற்றால் உடம்பில் கோலம் போடுகிறார்கள். காய் பழுக்கக் கூடாது. பழுத்தால் சாயம் போய்விடும். காய்ச்சாற்றில் உள்ள ஜெனிப்பின் தனியாக இருக்கும்போது நிறமற்றது. தோலின் புரதத்தைத் தொட்டு, காற்றும் பட்டால்தான் மெல்ல நீலக்கறுப்பாகிறது.

ஜாகுவாவின் பெரிய பலம் அந்த நிறம். ஊசியால் குத்திய பச்சைக்கும் இதற்கும் கை எட்டும் தூரத்தில் வித்தியாசம் சொல்ல முடியாது, அதுவும் நம் நிறத்தில். தோளிலும் முன்கையிலும் மருதாணி கோட்டை விடும் இடத்தில் ஜாகுவா நிற்கும். ஜெல்லைப் போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் காய விட்டு, தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவியதும் பார்த்தால் ஒன்றுமே இருக்காது, அல்லது லேசான சாம்பல் கோடு தெரியும். காசு போச்சு என்று தோன்றும். முழு நிறம் வர ஒரு நாள், ஒன்றரை நாள் ஆகும். இந்த இடைவேளையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். புலப்படாத சாறு இன்னும் தோல்மேல் இருக்கும். கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தூங்கினால் காலையில் கன்னத்திலும் அதே கொடி மங்கலாகப் படர்ந்திருக்கும். பத்து நாளுக்குச் சோப்பு ஒன்றும் செய்யாது. முதல் ராத்திரி பழைய காலுறையை வெட்டிக் கைக்கு மாட்டிக்கொண்டு படுப்பது நல்லது.

எத்தனை நாள் நிற்கும்? பொட்டலத்தில் இரண்டு வாரம் என்று போட்டிருப்பார்கள். நம் வெயிலுக்கும் வேர்வைக்கும் ஒரு நாளைக்கு இரண்டு குளியலுக்கும் ஒன்றேகால் வாரம் கிடைத்தால் திருப்திப்படலாம். நீச்சல் குளத்துக்குப் போகிறவருக்கு அதுவும் இல்லை. மங்கும்போது சீராக மங்காது. மடிப்புகளில் முதலில் உரிந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திட்டாகும். கடைசி மூன்று நாள் பார்க்க அழகாக இருக்காது என்பதைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை.

ஜெனிபாச் சாற்றை நம்பி எழுந்த வியாபாரங்களில் பெரிதாகப் பேசப்பட்டது டொரோன்டோவின் இங்க்பாக்ஸ். 2022இல் பேனாவும் லைட்டரும் செய்யும் பிக் நிறுவனம் அதை 6.5 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கிப்போட்டது. இயற்கை என்றாலே ஒன்றும் செய்யாது என்று இதையும் நம்பிவிட வேண்டாம். ஜாகுவாவால் தோல் ஒவ்வாமை வந்தவர்களைப் பற்றித் தோல் மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. காது மடலுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டுப் பிறகு பெரிதாகப் போடுவதுதான் முறை.

இவ்விரண்டுக்கும் இடையில் சந்தையில் ஒரு திருட்டுச் சரக்கு நுழைகிறது. போன தீபாவளிச் சந்தையில் ஒரு பையன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, செவப்பு வேணாம். டாட்டூ மாதிரி கறுப்பா வருமா?"

"வரும் தம்பி. பிளாக் ஹென்னா போட்டா அரை மணி நேரத்துல வந்துரும்."

அந்த அரை மணி நேரம்தான் காட்டிக்கொடுக்கிறது. மருதாணி அரை மணியில் கறுக்காது, ஜாகுவாவும் கறுக்காது. செடிச் சாயம் எதுவும் அவ்வளவு வேகமாக ஜெட் கறுப்புக்கு வராது. அதில் கலந்திருப்பது பெரும்பாலும் பாரா-ஃபெனிலீன்டயமின், சுருக்கமாகப் பிபிடி. தலைமுடிக்கு அடிக்கும் கறுப்புச் சாயத்தில் இருக்கும் அதே பொருள். ஐரோப்பாவில் முடிச்சாயத்திலேயே தலையில் படும் அளவு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, தோலில் நேராகப் பூச அனுமதியே கிடையாது. சந்தைக் கோனில் எவ்வளவு இருக்கிறதென்று கலக்கியவருக்கே தெரியாது. பட்டால் எல்லாருக்கும் உடனே கொப்பளிக்காது, அதுதான் வம்பு. முதல் தடவை ஒன்றும் ஆகாமல் உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை கோலத்தின் வரிக்கு வரி கொப்புளம் எழும்பும். ஆறிய பிறகும் கோல வடிவத்திலேயே வெள்ளைத் தழும்பு தங்கிவிடலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் ஆயுசுக்கும் போகாது. நாற்பது வயதில் நரைக்கு டை அடிக்கும்போது முகம் வீங்கி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். நம் ஆட்கள் டை அடிக்காமல் இருக்கப்போகிறார்களா என்ன!

என் தராசில் இந்தக் கறுப்பு மருதாணி நல்ல ஸ்டுடியோவில் ஊசியால் குத்தும் பச்சையைவிட மோசம். பினாங்கில் பத்து பெரிங்கி இரவுச் சந்தையில் சுற்றுலாவுக்குப் போன குஷியில் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இலை விழுது பச்சைப் பழுப்பாக இருக்கும், மண்வாசம் அடிக்கும். பிரிட்ஜின் உறைபெட்டியில் வைக்காவிட்டால் சில நாளில் வீரியம் போய்விடும். கடை அலமாரியில் மாதக்கணக்கில் தொங்கும் கோன் வெறும் இலை விழுதாக இருக்க வழியில்லை. 'இன்ஸ்டன்ட்' சிவப்புக் கோன்கள் சிலவற்றில் சோடியம் பிக்ரமேட் என்ற சாயத்தை ஆய்வகங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. இங்கே விற்கும் அழகுசாதனப் பொருளுக்குச் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவான என்.பி.ஆர்.ஏ.விடம் அறிவித்துப் பெற்ற, என்.ஓ.டி. என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். அவர்கள் தளத்தில் தட்டிப் பார்க்கலாம். எண் இருந்தால் பரிசோதித்துச் சான்று கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. பிரச்சினை வந்தால் யாரைப் பிடிப்பது என்பதாவது தெரியும்.

தண்ணீர் வைத்து ஒட்டும் ஸ்டிக்கரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மூன்று நாள் நிற்கும், நம் வேர்வையில் ஓரம் சுருளும். பள்ளி நாடகத்துக்குப் போதும். ஊசியால் குத்தி ஒரு வருடத்தில் மறையும் மை என்று நியூயார்க்கில் எஃபெமரல் என்ற நிறுவனம் 2021இல் கடை திறந்தது. 9 முதல் 15 மாதத்தில் மறையும் என்றார்கள், பலருக்கு மறையவில்லை. 2023இல் கடைகளை மூடிவிட்டார்கள். யாராவது இங்கே 'பாதி நிரந்தரம்' என்று ஊசியை எடுத்தால் அதை முழு நிரந்தரம் என்றே எடுத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஊசி. நிரந்தரப் பச்சைக்கு நான் எதிரியில்லை. கோடு நேர்த்தியும் நிழல் நுணுக்கமும் வேறு எதிலும் வராது. ஆனால் மாநிறத் தோலுக்கு இரண்டு விஷயம் தனியாகப் பொருந்தும். ஒன்று, தழும்பு மேடாக வளரும் கீலாய்டு நம் போன்ற தோலில் வெள்ளைத்தோலைவிட அதிகம் வரும். காது குத்திய இடத்தில் கட்டியாக வளர்ந்தவர் ஊசிக்குப் போக வேண்டாம். இரண்டு, லேசர். அழித்துவிடலாம் என்கிறார்கள், ஆனால் லேசர் மையை மட்டும் தேடிப் போவதில்லை, நம் தோலின் கருமையையும் தேடும். மை போன இடத்தில் வெளுத்த திட்டு நிற்கக்கூடும். வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல தடவை போக வேண்டும். குத்தின காசைவிட அழிக்கும் காசு அதிகமாகிவிடும். கறுப்பு மை சீக்கிரம் விட்டுக்கொடுக்கும். பச்சையும் நீலமும் அடம்பிடிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் மைகளிலுள்ள ஆயிரக்கணக்கான பொருள்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்து, அடுத்த ஜனவரியில் பரவலாகப் புழங்கிய ஒரு நீலத்தையும் ஒரு பச்சையையும் சேர்த்து நிறுத்தியது. அதனால் மை எந்தக் கம்பெனி, அந்த விதிக்கு உட்பட்டதா என்று ஸ்டுடியோவில் தயங்காமல் கேட்கலாம். குத்திய பிறகு சில மாதம் ரத்த தானத்துக்கும் போக முடியாது.

சரி, எது யாருக்கு? கல்யாணப் பெண்ணின் கைக்கு இலை மருதாணி, இரண்டு நாள் முன்னதாக. பதினெட்டு வயதில் தோளில் ஒரு வேல் வேண்டும் என்று துடிக்கிறவருக்கும், போலீசுக்கு மனுப்போட்டுக் காத்திருப்பவருக்கும் ஜாகுவா. ஆனால் உடல் பரிசோதனைக்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும், அதிகாரியிடம் நின்று இது காய்ச்சாறு என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஊசிதான் என்று தீர்மானித்தவரும் அதே படத்தை, அதே அளவில், அதே இடத்தில் முதலில் ஜாகுவாவில் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். ஆபீசில் சட்டைக் கைக்குக் கீழே எட்டிப் பார்க்கிறதா, ஒரு வாரத்தில் சலிக்கிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

தமிழில் பெயரோ வரியோ குத்துகிறவர்கள் எழுத்தைப் பெரிதாகக் கேளுங்கள். வருடங்கள் போகப் போக மை கொஞ்சம் பரவும். ணை, ழி, ஞா போன்றவற்றின் சுழிகள் அடைந்துபோய் வெறும் கறுப்புக் குமிழாகிவிடும். ஸ்டுடியோக்காரருக்குத் தமிழ் தெரியாதென்றால், அவர் கணினியில் ஒட்டும்போது எழுத்துரு சிதறிக் கொம்பு இடம் மாறலாம், புள்ளி விட்டுப்போகலாம். ஸ்டென்சிலைத் தோலில் ஒட்டியதும் கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டிவிட வேண்டாம். போனில் படம் எடுத்து, தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பி, பதில் வந்த பிறகு ஊசியைப் போடச் சொல்லுங்கள்.