நெட்வொர்க் டெஸ்ட் பாஸ், மேட்ச் மட்டும் அவுட்

விலை இறங்கியதிலிருந்து "இந்தக் கேம் கன்சோலை இப்போது வாங்கலாமா" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கிராபிக்ஸ், லோடிங் வேகம், ஸ்டோரேஜ் எல்லாம் ஏற்கெனவே எழுதித் தீர்த்த விஷயங்கள், அதற்குள் நான் போகவில்லை. வாங்கிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. ஃபேன் சத்தம் கூடவில்லை, சூடாகி அணைந்ததில்லை, கன்ட்ரோலரின் இடது ஸ்டிக் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பெட்டியாகப் பார்த்தால் அருமையான பெட்டி. ஆனால் செட்டிங்ஸில் நெட்வொர்க் என்று ஒரு பகுதி, அதற்குள் இணைய இணைப்பைச் சோதிக்கும் திரை என்று ஒன்று இருக்கிறது. என் கோபம் மொத்தமும் அந்த ஒரு திரையின் மேல்தான். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் எதிர்க் கம்பெனி ரசிகர்கள் பட்டாசு வெடிப்பார்கள்.

நடப்பது இதுதான். மேட்ச் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று எதிராளி இருந்த இடத்திலிருந்து மறைந்து இன்னொரு இடத்தில் முளைப்பான். நாம் சுட்டது பதிவாகாது, அவன் சுட்டது மட்டும் பதிவாகும். கொஞ்ச நேரத்தில் "சர்வருடனான இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று ஒரு பெட்டி வந்து நிற்கும், கூடவே எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு எர்ரர் கோடு. ராங்க் மேட்ச் என்றால் பாதியில் ஓடிப்போனதாக எடுத்துக்கொண்டு புள்ளியையும் பிடுங்கிக்கொள்வார்கள். சரி, என்னதான் பிரச்சினை என்று டெஸ்ட் திரையைத் திறந்தால்: ஐபி முகவரி கிடைத்தது, டிக். இணைய இணைப்பு, டிக். ஆன்லைன் கணக்கில் உள்நுழைவு, டிக். டவுன்லோட் வேகம், நம் பிளானில் சொன்னதற்குக் கொஞ்சம்தான் கம்மி. காய்ச்சல் என்று போனவனை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு "உங்களுக்கு ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்று அனுப்பும் டாக்டர் மாதிரி.

அந்தத் திரை அளப்பது டவுன்லோட் வேகத்தை. ஒரு சர்வரிலிருந்து சில நொடிகள் டேட்டாவை இழுத்துப் பார்க்கிறது. கேம் டவுன்லோட் ஆக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள அது உதவும். மேட்ச் ஆட அது கிட்டத்தட்ட எதற்கும் உதவாது. ஆன்லைன் மேட்ச் அனுப்புவதும் வாங்குவதும் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் (டேட்டா துண்டுகள்), நொடிக்குப் பல தடவை, பெரும்பாலும் யுடிபி என்ற அனுப்பும் முறை வழியாக. யுடிபியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் தொலைந்ததுதான், அதைத் திரும்ப அனுப்பும் ஏற்பாடு அதில் கிடையாது. ஆகவே மேட்ச்சுக்கு முக்கியம் மூன்று: பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்பி வர ஆகும் நேரம்) எவ்வளவு, அந்தப் பிங் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது, எத்தனை பாக்கெட் தொலைகிறது. படம் பார்க்கும்போது இது எதுவும் தெரியாது. பிளேயர் முன்கூட்டியே கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டு சமாளித்துவிடும். "டிவியில் படம் நன்றாக ஓடுகிறதே" என்று வீட்டில் சொல்வதும் உண்மை, மேட்ச் அறுந்ததும் உண்மை.

எனக்கு எரிச்சல் வருவது எங்கே என்றால், இந்த மூன்றும் கன்சோலுக்குத் தெரியாமல் இல்லை. வைஃபை சிப்புக்கு எந்த பேண்டில் (2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை) இருக்கிறோம், எத்தனை தடவை திரும்ப அனுப்ப வேண்டியிருந்தது என்பதெல்லாம் தெரியும். எத்தனையோ கேம்கள் தங்கள் திரையிலேயே பிங்கையும் பாக்கெட் லாஸையும் காட்டுகின்றன. கன்சோல் மட்டும் ஒரு டிக் மார்க்கைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது.

கஸ்டமர் கேரிடமும் பேசிப் பார்த்தேன். ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், கன்சோலை அணைத்துப் போடுங்கள், அப்புறம் மொத்தமாக ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். அந்தக் கடைசி யோசனையைக் கேட்டு அவசரப்பட வேண்டாம். கிளவுடில் ஏறாத சேவ் எல்லாம் போய்விடும், நெட்வொர்க் பிரச்சினை அப்படியே இருக்கும்.

ஆகவே கன்சோலை ஒதுக்கிவிட்டு வேறு வழியில் தேடினேன். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு லேப்டாப்பைக் கன்சோலுக்குப் பக்கத்தில் வைத்து, அதே வைஃபை பேண்டில் சேர்த்து, இரண்டு பிங்குகளைத் தொடர்ந்து ஓடவிட வேண்டும். ஒன்று ரவுட்டருக்கு, இன்னொன்று வெளியே 8.8.8.8 போன்ற ஏதாவது ஒரு முகவரிக்கு. மேட்ச் அறுந்த நேரத்தில் ரவுட்டருக்குப் போன பிங்கே தாறுமாறாக இருந்தால் கோளாறு வீட்டு வைஃபையில். ரவுட்டர் பிங் அமைதியாக இருந்து வெளிப் பிங் மட்டும் எகிறினால் கோளாறு ரவுட்டருக்கு அந்தப் பக்கம். இதைச் செய்யாமல் நெட்டில் படிக்கிற ஒவ்வொரு செட்டிங்கையும் மாற்றிப் பார்ப்பது வெட்டி வேலை.

முதலில் மாட்டியது எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். யுஎஸ்பி 3.0 சாதனங்களும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். இது யூகம் இல்லை, இன்டெல் 2012-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டது. கன்சோலின் வைஃபை ஆன்டெனாவுக்குச் சில அங்குலம் தள்ளி அந்த டிஸ்க் உட்கார்ந்திருந்தால் 2.4 வைஃபை திணறும். டிஸ்க்கைத் தள்ளி வைத்ததுமே ரவுட்டர் பிங் பாதி அடங்கியது. மீதி, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறியதும் அடங்கியது. ரவுட்டர் இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் கன்சோல் எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே தெரியாது, பெயரைப் பிரித்து வைப்பது நல்லது. பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2013-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4-இல் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே கிடையாது, 2016-இல் வந்த ஸ்லிம், ப்ரோ மாடல்களில்தான் அது வந்தது.

அப்புறமும் சாயங்காலங்களில் மட்டும் பிரச்சினை தொடர்ந்தது. ரவுட்டர் பிங் ஆடாமல் அசையாமல் இருக்கும், வெளிப் பிங் மட்டும் இருபது முப்பதிலிருந்து பல நூறு மில்லிசெகண்டுக்குத் தாவும், சில நிமிடம் அங்கேயே நிற்கும், பிறகு எதுவும் நடக்காத மாதிரி இறங்கிவிடும். லைன் மோசம் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் வீட்டில் உள்ள ஃபோன்கள் அன்றைய போட்டோக்களையும் வீடியோக்களையும் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்தன. இணைய பிளான்கள் பலவற்றில் டவுன்லோட் அகலமாகவும் அப்லோட் குறுகலாகவும் இருக்கும். அந்தக் குறுகல் வழியில் வீடியோ ஏறும்போது, உடனே அனுப்ப முடியாத பாக்கெட்டுகளை ரவுட்டரோ மோடமோ தன் பஃபரில் வரிசையாக அடுக்கி வைக்கும். மேட்ச்சின் குட்டிப் பாக்கெட் அந்த வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். எதுவும் தொலையவில்லை, எல்லாம் போய்ச் சேரும். ஆனால் நேரம் கடந்து போய்ச் சேரும் பாக்கெட்டை வைத்து மேட்ச்சில் என்ன செய்வது? இதற்குப் பஃபர்புளோட் என்று பெயர்.

இதற்கு மருந்து இருக்கிறது. ரவுட்டரில் எஸ்கியூஎம் என்றோ ஸ்மார்ட் கியூ என்றோ இந்த வரிசையைச் சீராக்கும் ஒரு வசதி இருந்தால் அதை இயக்கி, அப்லோட் வேகத்தை லைனின் உண்மையான வேகத்தை விடச் சற்றுக் கீழே, 90 சதவீதம் போல, கட்டிப்போட வேண்டும். எஃப்கியூ-கோடெல் என்ற வரிசை முறை இதற்காகவே வந்தது, 2018-இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாகவும் ஆயிற்று. ஒரே சாதனம் வரிசையை அடைத்துக்கொள்ளாமல் எல்லோருக்கும் முறை வைத்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. எஸ்கியூஎம் உள்ள ரவுட்டருக்கு மாறிய பிறகு போட்டோக்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே மேட்ச் ஆடுகிறேன். இத்தனை வருடத்தில் இந்தக் கன்சோலுக்காகச் செய்த செலவுகளில் எனக்கு நிறைவு தந்தது இந்த ரவுட்டர்தான், அதுவோ கன்சோலே இல்லை. டெஸ்ட் திரைக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. போட்டோ ஏறும் நேரத்தில் ஓட்டினாலும் டிக், ஏறாத நேரத்தில் ஓட்டினாலும் டிக்.

அடுத்தது நாட், அதாவது வீட்டுச் சாதனங்கள் எல்லாவற்றையும் ரவுட்டர் ஒரே வெளி முகவரி வழியாக இணையத்தோடு இணைக்கும் ஏற்பாடு. டெஸ்ட் திரையில் உருப்படியான ஒரே வரி இதுதான், அதையும் விளக்காமல் ஒரு எண்ணையோ வார்த்தையையோ போட்டு விட்டுவிடுவார்கள். பிளேஸ்டேஷனில் டைப் 1, 2, 3. எக்ஸ்பாக்ஸில் ஓப்பன், மாடரேட், ஸ்ட்ரிக்ட். நின்டெண்டோவில் ஏ, பி, சி என்று போகும். 3 என்றோ ஸ்ட்ரிக்ட் என்றோ வந்தால் சிலரோடு ஆட முடியாது, பார்ட்டி சாட்டில் ஒருவர் குரல் மட்டும் கேட்காது, லாபியில் சேரும்போதே தள்ளிவிடும். வழக்கமான வைத்தியம் ரவுட்டரில் யுபிஎன்பியை (கன்சோல் கேட்கும் போர்ட்டை, அதாவது டேட்டா நுழையும் வாசல் எண்ணை, ரவுட்டர் தானே திறக்கும் வசதி) இயக்குவது, இல்லையென்றால் கன்சோலுக்கு நிலையான உள் ஐபி கொடுத்துவிட்டு போர்ட் ஃபார்வர்டிங் (அந்தப் போர்ட்டை நாமே திறப்பது) செய்வது. எக்ஸ்பாக்ஸுக்கு யுடிபி 3074 முக்கியம்.

நான் சொல்ல வருவது அந்த வைத்தியம் பலிக்காத இடத்தைப் பற்றி. ரவுட்டரின் வேன் ஐபி (வெளிப் பக்கத்திலிருந்து ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி) என்று ஒன்று அதன் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இருக்கும். அது 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால், பெரும்பாலும் உங்கள் ரவுட்டருக்கு மேலே இன்னொரு ரவுட்டர் இருக்கிறது. அது இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியாகவே இருக்கலாம், அதை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) மாற்றச் சொல்ல வேண்டும். 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால் அது சிஜிநாட், அதாவது இணைய நிறுவனமே தன் பக்கம் போடும் நாட். ஐபிவி4 என்ற பழைய முறை இணைய முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. ஆகவே ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள், அதற்காக 2012-இல் ஒதுக்கிய எண்கள்தான் இவை. இந்த நிலையில் வீட்டு ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் பயனில்லை, பூட்டு இருப்பது நிறுவனத்தின் பக்கம். பொது ஐபி கேட்டு வாங்கலாம், கேமும் கன்சோலும் ஐபிவி6-ஐ (முகவரிகளின் புதிய முறை) ஆதரித்தால் அது ஒரு வழி. எனக்குப் பொது ஐபி கிடைத்ததும் நாட் தானாகச் சரியானது. கன்சோல் செய்யக்கூடியது ரொம்பச் சின்ன விஷயம்: "உங்கள் நாட் பிரச்சினை வீட்டு ரவுட்டருக்கு வெளியே இருக்கலாம்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் பல ராத்திரிகள் மிஞ்சியிருக்கும்.

டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) மாற்றினால் பிங் குறையும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். குறையாது. ஸ்டோர் திறக்கவில்லை, லாகின் ஆகவில்லை என்றால் 1.1.1.1 என்ற டிஎன்எஸ்ஸைப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு, அதோடு சரி. எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1473 என்று வைக்கச் சொல்லும் மந்திரமும் அப்படித்தான். சாதாரணமாக 1500, பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்து இணையும்) லைனில் 1492, ஆட்டோவில் விட்டால் பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்ளும்.

எதிர்பாராத சந்தோஷம் என்றால் லேன் கேபிள். மாட்டிய அன்றிலிருந்து ரவுட்டர் வரைக்குமான பிங்கை நான் மறந்தே போனேன். இங்கேயும் டெஸ்ட் திரையை உற்றுப் பார்க்க வேண்டும்: பிளான் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேகம் 94 எம்பிபிஎஸ் பக்கம் போய் முட்டி நின்றால் லைனைச் சந்தேகிக்காமல் கேபிளைச் சந்தேகியுங்கள். கிகாபிட்டுக்கு கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு போதும். ஒரு கம்பி அறுந்திருந்தால் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும், திரையில் அப்போதும் டிக்தான். முதல் நின்டெண்டோ ஸ்விட்சின் டாக்கில் லேன் போர்ட் இல்லை, தனி அடாப்டர் வாங்க வேண்டும். 2021-இல் ஓஎல்இடி மாடலோடு வந்த டாக்கில் வைத்தார்கள்.

நியாயமாகப் பேசினால் டிஸ்க், ரவுட்டர், அப்லோட், சிஜிநாட் எதுவுமே கன்சோல் கம்பெனி செய்த குற்றம் இல்லை. அவர்கள் பெட்டி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. கேமை நிறுத்தி வைத்துவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வது, சத்தமில்லாத ஃபேன், வருடக்கணக்காக உழைப்பது, எல்லாவற்றுக்கும் முழு மார்க் போடலாம். சிங்கிள் பிளேயர் மட்டும் ஆடுகிறவர்கள் இந்தக் கட்டுரையை மறந்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் நேற்று அப்டேட் வந்தது. டெஸ்ட் திரைக்குப் புது டிசைன், டிக் மார்க் இன்னும் பெரிதாக, அழகாகச் சுழன்று வருகிறது. அது முடிந்து ஆடிய முதல் ராங்க் மேட்ச்சில் வெளியே தள்ளியது. லேப்டாப்பில் ரவுட்டர் பிங்கும் சுத்தம், வெளிப் பிங்கும் சுத்தம். சர்வர் ஸ்டேட்டஸ் பக்கத்தைப் பார்த்தேன், எல்லாம் இயங்குகிறதாம். ஆகவே ஆன்லைனுக்காக வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு இன்றைய என் பதில்: ஐந்துக்கு இரண்டு, வாங்க வேண்டாம். புள்ளி திரும்பக் கிடைத்தால் மாற்றி எழுதுகிறேன்.