காஞ்சனாபுரி வேன் பயணம்: போகலாமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒருவர் தாய்லாந்தில் இருக்கும் காஞ்சனாபுரிக்கு வேன் விடுகிறார். தீபாவளி லீவில் குடும்பத்தோடு போனோம். பாடாங் பெசார் வழியாகப் பயணம். ஏர்கான் பின்வரிசைக்கு எட்டவே இல்லை, ஹாட்யாயில் நிறுத்திய கடையில் சாப்பாடு சுமார். ஆனால் கூட வந்த வழிகாட்டி அண்ணனுக்காகவே காசு கொடுக்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதையில் இருப்பதுதான் குவாய் ஆற்றுப் பாலம். அங்கே எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, நடுவில் வளைவே இல்லாத இரண்டு இரும்புச் சட்டங்களைக் காட்டினார். வளைந்தவை ஜப்பான்காரன் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தவை. 1945-இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு விழுந்த இடத்தில் போருக்கு அப்புறம் வைத்தவைதான் இந்த இரண்டும்.

“அதோட ஜப்பான்காரன் சாமான் போறது நின்னுச்சா அண்ணே?” என்று கேட்டேன். செம்பனை ஆலைக்கு லாரி அனுப்புவது என் வேலை. பாலம் உடைந்தாலும் லாரி சுற்றுவழியில் வந்துவிடும், பழம்தான் நேரத்துக்கு வந்து சேராது.

“எங்கே நின்னுச்சு? பக்கத்திலேயே மரப்பாலம் ஒண்ணு இருந்துச்சே,” என்றார். குண்டு விழ விழ மரத்தை வைத்துச் சரிசெய்திருக்கிறார்கள். பகலில் ரயிலை மறைத்துவைத்து இரவில் ஓட்டியிருக்கிறார்கள். பாலம் போன இடத்தில் சரக்கை இறக்கி, அக்கரையில் வேறு ரயிலில் ஏற்றியிருக்கிறார்கள். கடல்வழியில் நீர்மூழ்கிக்கும் விமானத்துக்கும் பயந்து போட்டதுதானே இந்த 415 கிலோமீட்டர் பாதை! நாளுக்கு 3,000 டன் கொண்டுபோகப் போட்ட திட்டம் முதலிலேயே 1,000-க்கு இறங்கிவிட்டது. குண்டுவீச்சு வந்தபிறகு அதற்கும் வழியில்லை. 1944 கடைசியில் பர்மாவில் அமெரிக்கர்கள் ரேடியோவால் இடம் வலம் திருப்பும் ‘ஏசான்’ குண்டை இறக்கினார்கள். அதற்கப்புறம் பாலங்களுக்குக் குறி இன்னும் சரியாக விழுந்தது. எனக்குப் பட்டது இதுதான்: ஒரு தடவை உடைத்தால் போதாது, சரிசெய்யச் சரிசெய்ய வந்து அடிக்க வேண்டும்.

சரிசெய்தது யார்? வெள்ளைக்காரப் போர்க்கைதிகளும், நம் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பான்காரன் சயாமுக்கு இழுத்துப் போன ஆட்களும்தான். கைதிகள் முகாம் பாலத்தை ஒட்டியே இருந்ததால் குண்டு அவர்கள் தலையிலும் விழுந்தது.

எனக்கு ஒரே வருத்தம், நேரம் போதவில்லை. போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 கைதிகள் வரிசையாகக் கிடக்கிறார்கள். தோட்டத்து ஆட்களுக்கு அங்கே கல் இல்லை. அதைப் பற்றி அண்ணன் பேச ஆரம்பிப்பதற்குள் டிரைவர் ஹார்ன் அடித்துவிட்டார்.

முன்வரிசை இருக்கை கேட்டு வாங்குங்கள். பதியும்போதே வழிகாட்டி அவர்தானா என்றும் கேளுங்கள். இன்னொருவர் இருக்கிறாராம், அவருக்கு மிதக்கும் சந்தையைத் தவிர வேறு எதுவும் தெரியாதாம்.