பழைய ஆக்ஸில் வாங்கி 13,500 ரூபாய் போச்சு: ஆம்னி வைத்திருப்பவர்கள் படித்துவிடுங்கள்

வீட்டிலேயே மாருதி ஆம்னி வேனின் பின் ஆக்ஸிலைப் (பின்சக்கரங்களைச் சுழற்றும் அச்சு) பாதுகாப்பாகக் கழற்றுவது எப்படி என்று விவரமாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் இதைக் கொட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. 13,500 ரூபாய். முழுசாகப் போய்விட்டது.

கோபியில் எங்கள் தோட்டத்துக்கும் புளியம்பட்டிச் சந்தைக்கும் ஓடுகிற வண்டி. ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரௌன், பினியன் பற்சக்கரங்களின் பல் தேய்ந்து ஊளையிட ஆரம்பித்தது. ஆம்னி 2019-லேயே நின்றுபோன மாடல். சரி, ஹவுசிங் என்கிற வெளிக்கூட்டோடு முழுசாகப் பழையது ஒன்று மாற்றிவிடலாம் என்று, பழைய பொருள் விற்கும் செயலியில் படம் பார்த்து, ஈரோட்டுப் பக்கம் வண்டி உடைக்கும் கடை ஒன்றுக்குப் போனேன்.

அந்த ஆள் கவனித்த கவனிப்பு இருக்கிறதே! ‘வாங்கண்ணா, உக்காருங்க’ என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். டீ வந்தது. ஆக்ஸிலை இரண்டு டயர் மேல் தூக்கி வைத்து, இன்ஜின் பக்கத்துத் தண்டு வந்து சேரும் ஃபிளேஞ்சைக் கையால் சுற்றிக் காட்டினார். துளி சத்தம் இல்லை. ‘வாத்தியார் ஓட்டுன வண்டிங்ணா. சத்தம் வந்தா அப்படியே கொண்டாந்து போடுங்க, காசைக் கையில குடுத்தர்றேன். ஆயிலும் புதுசா ஊத்தியாச்சு, பிளக்கைத் தொடவே வேண்டாம்.’ பில் கேட்டால், ‘நமக்குள்ள என்னங்ணா பில்லு?’ பணத்தை மச்சான் நம்பருக்குப் போடச் சொன்னார். போட்டேன், 13,500.

மாட்டி, சத்தி ரோட்டில் எடுத்தேன். முதலில் அமைதி. சூடேறியதும் பழைய ஊளையே தேவலை என்றாகிவிட்டது. வீட்டுக்கு வந்து ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றினால் ஆயில் ஒழுகவில்லை, கம்பங்கூழ் மாதிரி கட்டிகட்டியாக விழுந்தது. விரலில் வைத்துத் தேய்த்தேன். மரத்தூள்! கூடவே மினுமினுவென்று இரும்புத் துகள். தேய்ந்த டிஃபரன்ஷியலில் (ஆக்ஸிலின் நடுவே இருக்கும் பற்சக்கரத் தொகுதி) கிரீஸோடு மரத்தூளை அடைத்துவிட்டால் கொஞ்ச நேரத்துக்குச் சத்தம் அமுங்கும். அரதப்பழசான தில்லாலங்கடி.

போன் போட்டால், ‘முதலாளி பண்ணாரி கோயில் குண்டத்துக்குப் போயிருக்காருங்.’ முதலாளி என்று சொல்லிக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்த அதே குரல்! அப்புறம், ‘பிளக்கை யாருங் கழட்டச் சொன்னது?’ நேரில் போனால், ‘காசு எங்க கடைக்கு வரவே இல்லீங்களே, யாருக்குப் போட்டீங்களோ?’ செயலிக்காரர்களோ, நேரில் நடந்த வியாபாரத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று ஒரு தானியங்கிப் பதிலோடு முடித்துக்கொண்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

கழற்றும் முறையை வரிசையாக எழுதும் மனநிலை இப்போது இல்லை. உயிர் போகிற விஷயம் மட்டும் சொல்கிறேன். இந்த வண்டியில் ஹேண்ட்பிரேக், கியர் இரண்டுமே பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். ஆக்ஸிலைக் கழற்றிவிட்டால் வண்டியை நகராமல் நிறுத்த எதுவும் இல்லை, அதனால் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு நிற்க வேண்டியது பாடி ஃபிரேமுக்கு அடியில். ஹாலோ பிளாக் கல் வைக்கவே வைக்காதீர்கள், திடீரென்று நொறுங்கும். ஆக்ஸிலை ஸ்பிரிங் பட்டையோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டைத் தளர்த்தும் முன் டிஃபரன்ஷியலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துவிடுங்கள். மாட்டிய பிறகு பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றாமல் ரோட்டில் ஏறாதீர்கள்.

பழைய ஆக்ஸில் வாங்கினால், காசு கொடுக்கும் முன் கடையிலேயே பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். மச்சான் நம்பர், மாமன் நம்பர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எந்தக் கடை என்று கேட்க வேண்டாம், புகார் முடியும்வரை பெயரை எழுத மாட்டேன்.