ஹவானாவில் கூடுவது என்றால் யாருக்கு எந்த வழி?

யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றில் நான்கு நாட்டுக் கடவுச்சீட்டுகள் இருப்பது இன்று புதுமையல்ல. எல்லோரும் கியூபாவில் சந்திக்கலாம் என்று எங்கள் வீட்டில் பேச்செழுந்தபோது, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சட்டம் குறுக்கே வந்தது.

ரொறன்ரோ அண்ணாவுக்குத் தடையே இல்லை. கனடா கியூபாவுடனான உறவை ஒருபோதும் முறித்ததில்லை. இங்கிருந்து போகும் எங்களையும் இலங்கை அரசு தடுக்கவில்லை. விசாவும் விமானச் செலவும்தான் பாரம். லண்டன் சித்தப்பா சற்று யோசிக்க வேண்டும். 2021 ஜனவரி 12க்குப் பின் கியூபா போய்வந்தவர்கள், விசா இல்லாமல் அமெரிக்கா செல்லும் எஸ்டா வசதியை இழக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் நியூஜெர்சியில் இருப்பவருக்கு இது சின்ன விடயமல்ல.

பெரிய சிக்கல் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அக்காவுக்குத்தான். 1963 முதல் நடைமுறையிலுள்ள அமெரிக்க விதிகள் கியூபாவில் பணம் செலவழிப்பதையே கட்டுப்படுத்துகின்றன. வெறும் சுற்றுலாவுக்கு அனுமதி இல்லை. மெக்சிகோவின் கன்கூன் வழியாகச் சத்தமில்லாமல் போய்வரலாம் என்கிறார் அவருடைய மகன். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. எந்த நாட்டு வழியாகப் போனாலும் அக்கா அமெரிக்கப் பிரஜைதான். திரும்பும்போது அதிகாரி கேட்டால் பொய் சொல்ல நேரும், அது தனிக் குற்றம்.

நேர்வழி இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட 12 பயண வகைகளில் ஒன்று 'கியூப மக்களுக்கு ஆதரவு'. முன்கூட்டி விண்ணப்பிக்கத் தேவையில்லை. ஆனால் தனியார் வீட்டு அறையில் தங்கி, குடும்பங்கள் நடத்தும் உணவகங்களில் சாப்பிட்டு, சுயதொழில் செய்வோரோடு பழகும்படி பகற்பொழுதைத் திட்டமிட வேண்டும். அமெரிக்க அரசின் தடைப்பட்டியலிலுள்ள ஹோட்டல்கள் கூடாது. அமெரிக்க வங்கி அட்டை அங்கே செல்லாது, காசாகவே கொண்டுபோக வேண்டும். பயண விவரங்களையும் பற்றுச்சீட்டுகளையும் 10 வருடம் பத்திரப்படுத்த வேண்டும். 2025 மார்ச் வரை அது 5 வருடமாக இருந்தது. அலுப்பான வேலைதான். ஆனாலும் அந்தக் காசு நேரே ஒரு வீட்டுக்காரியின் கைக்குப் போகிறது.

தடை என்ன செய்யும் என்று அக்காவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு இலங்கை அரசு விதித்த பொருளாதாரத் தடைக்குள், ஜாம் போத்தலில் பஞ்சை வைத்து மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் சிக்கனப்படுத்திய விளக்கில் படித்தவர் அவர். சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். அதே வருடங்களில் சோவியத் உதவி நின்றுபோன கியூபாவும் எரிபொருளின்றிச் சைக்கிளில்தான் ஓடியது.

ஆகவே எல்லோரும் ஹவானாவில் தனியார் வீடு எடுப்போம் என்று எழுதியிருக்கிறேன். அண்ணாவுக்கோ வரடேரோ கடற்கரை ஹோட்டல்தான் வேண்டுமாம். அக்காவால் அங்கே தங்க முடியாது என்பதை அவரிடம் இன்னொரு முறை பேச வேண்டும்.