ஆயில் பிரஷர் குறைவு என்று சொல்லி இன்ஜினைப் பிரிக்கச் சொன்னால், உடனே சம்மதிக்காதீர்கள்

மிச்சிகனில் செயின்ட் கிளேர் ஏரிப் பக்கம் பழைய வேகப் படகு வாங்கி ஓட்டும் நம் ஆட்கள் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஆயில் பிரஷரைக் காட்டிப் பயமுறுத்தி என்னிடம் 6,800 டாலர் வாங்கிவிட்டார்கள், செய்யாத வேலைக்கு.

என் படகில் இருப்பது மெர்க்ரூசர் 502 இன்ஜின். செவர்லேயின் பெரிய வி8 ரகமான செவி பிக் பிளாக், 8.2 லிட்டர். போன கோடையில் பிரஷர் முள் திடீரென்று 10 பிஎஸ்ஐக்கு (அழுத்தத்தின் அளவு) விழும், அப்புறம் 50க்கு ஏறும், மறுபடி விழும். வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் முள் தன் போக்கில் ஆடியது. இன்ஜினில் தட்டும் சத்தம் துளியும் இல்லை. மெரினாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். டாஷ்போர்டில் இருக்கும் கேஜைப் பார்த்ததோடு சரி, பேரிங் தேய்ந்துவிட்டது, இன்னொரு முறை ஓட்டினால் கிராங்க்‌ஷாஃப்ட்டும் போய்விடும் என்றார்கள். இன்ஜினை இறக்கி மெயின் பேரிங், ராட் பேரிங், ஆயில் பம்ப் எல்லாம் மாற்றியதாக பில் வந்தது.

படகு திரும்பி வந்தபோது முள் ஆடாமல் நின்றது. ஆனால் இன்ஜின் அறையைத் திறந்து பார்த்ததும் வயிறு எரிந்தது. இன்ஜின் மவுண்ட் நட்டுகளில் பழைய துரு அப்படியே இருந்தது, ஸ்பேனர் பட்ட அடையாளமே இல்லை. அடியில் போனை நீட்டிப் படம் எடுத்தேன். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பேனின் போல்ட்டுகள் மேல் கம்பெனி அடித்த கறுப்பு பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. இந்த இன்ஜினில் ஆயில் பம்ப் பேனுக்கு உள்ளேதான் இருக்கிறது. பேனைக் கழற்றாமல் பம்பையும் மாற்ற முடியாது, பேரிங்கையும் தொட முடியாது. புதிதாக மின்னியது ஒன்றே ஒன்று: பிரஷரைக் கேஜுக்குச் சொல்லும் சென்டிங் யூனிட். சில பத்து டாலர் பொருள். அது பில்லில் இல்லவே இல்லை. கோளாறு எங்கே என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

முள்ளை நம்பி யாரும் முடிவு செய்யக் கூடாது. சென்டிங் யூனிட்டைக் கழற்றி, அதே துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை (மின்சாரம் இல்லாமல் பிரஷரை நேரடியாகக் காட்டுவது) திருகி, இன்ஜினை நன்றாகச் சூடாக்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் சுமார் 10 பிஎஸ்ஐ என்பது இந்த வகை இன்ஜின்களுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. மெக்கானிக்கல் கேஜ் சரியாகக் காட்டினால் கோளாறு மின்சாரப் பக்கம்தான். அமெரிக்கப் படகுகளில் இந்த யூனிட் பிரஷர் இல்லாதபோது 240 ஓம், முழுப் பிரஷரில் 33 ஓம் காட்டும். அதனால் ஒயரில் பச்சைக் களிம்பு பிடித்தாலோ, மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி எர்த் கெட்டாலோ, ரெசிஸ்டன்ஸ் கூடி முள் பொய்யாகக் கீழே இறங்கும். சாவியைப் போட்டு யூனிட்டின் ஒயரைக் கழற்றினால் முள் பூஜ்யத்துக்கும், அந்த ஒயரை இன்ஜின் பிளாக்கின் வெறும் உலோகத்தில் தொட்டால் உச்சிக்கும் போக வேண்டும். போனால் கேஜும் ஒயரும் நல்ல நிலையில் இருக்கின்றன.

மெக்கானிக்கல் கேஜிலும் குறைவாக வந்தால் விளையாடாதீர்கள், உடனே இன்ஜினை நிறுத்துங்கள். அப்போதும் முதலில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் எரிபொருள் கசிந்து ஆயில் நீர்த்துப்போயிருக்கிறது. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் கிராங்க் அதைக் கடைந்து நுரைக்க வைக்கும், பிரஷர் விழும். பம்பில் அதிகப் பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கிக்கொள்வதும் உண்டு. பேரிங்தான் என்று சொன்னால், ஆயில் ஃபில்டரை உங்கள் கண் முன்னால் வெட்டித் திறக்கச் சொல்லுங்கள். பேரிங் உண்மையிலேயே போயிருந்தால் ஃபில்டர் தாளின் மடிப்புகளுக்குள் உலோகத் துகள் மினுங்கும். செம்பு நிறம் தெரிந்தால் தேய்மானம் ஆழமாகப் போய்விட்டது. என் படகில் ஃபில்டரை யாரும் வெட்டிப் பார்க்கவே இல்லை.

கழற்றிய பழைய பேரிங்குகளைக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். வேலை ஆரம்பிக்கும் முன்பே, கழற்றும் பாகங்கள் எல்லாம் எனக்கு வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தைக் கிரெடிட் கார்டில்தான் கட்டியிருந்தேன், அதனால் படங்களோடு வங்கியில் தகராறு பதிந்திருக்கிறேன். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கும் புகார் போயிருக்கிறது. இன்னும் பதில் வரவில்லை.

இந்தப் பக்கம் யாரிடமாவது இன்ஜினை இறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தால், கையெழுத்துப் போடும் முன் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள். மெக்கானிக்கல் கேஜ் இப்போது என்னிடம் இருக்கிறது, நானே கொண்டுவருகிறேன்.