நெட்வொர்க் செட்டிங்ஸைப் பூட்டிவிட்டுப் பாஸ்வேர்ட் தராமல் போகிறவர்கள்: திருகோணமலையில் வகுப்பு, கடை நடத்துபவர்கள் கவனத்துக்கு

அக்கா உவர்மலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு நடத்துகிறார். அங்குள்ள கணினிகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்தவர் செய்த வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அவருடைய பெயரை எழுதவில்லை. இதே மாதிரி வேறு யாரும் மாட்டக் கூடாது என்பதற்காக நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வகுப்பில் பிள்ளைகள் ஐபி முகவரியையும் (நெட்வொர்க்கில் கணினிக்குரிய எண்) டிஎன்எஸ்ஸையும் (இணையத்தளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை) மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த வகுப்புக்கு இன்டர்நெட் வராது. அதனால் நெட்வொர்க் செட்டிங்ஸைப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டித் தரும்படி அக்கா கேட்டார். அவரும் பூட்டினார். பிள்ளைகளுக்குச் சாதாரண யூசர் கணக்கு, அட்மின் கணக்குக்குத் தனிப் பாஸ்வேர்ட், பயோஸுக்கும் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள்) ஒரு பாஸ்வேர்ட். வேலையில் குறை சொல்ல மாட்டேன், செய்ய வேண்டிய முறை அதுதான். காசு கொடுக்கும்போது அக்கா பாஸ்வேர்டுகளைக் கேட்டிருக்கிறார். “எல்லாத்தையும் எழுதி வட்ஸ்அப்பில போடுறன் அக்கா” என்றாராம். போடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டும் அதே பதில்தான்.

பிறகு பழைய டெலிபோன் வயர் இணைப்பை விட்டு ஃபைபருக்கு மாறினோம். புது ரவுட்டரின் முகவரி 192.168.1.1. கணினிகளிலோ 192.168.0 வரிசையில் நிலையான முகவரிகள். வரிசை வேறு என்பதால் ஒன்றிலும் இன்டர்நெட் இல்லை. முகவரியை மாற்றப் போனால் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கிறது. போன் எடுத்தோம். “நெட்வொர்க் கார்டிலயே பாஸ்வேர்ட் ஏறியிருக்கு அக்கா, அதை எடுக்க ஏலாது. கார்டை மாத்த வேணும், ஒரு மெஷினுக்கு நாலாயிரம்” என்றார்.

இது முழுப் பொய். சாதாரணக் கணினியின் நெட்வொர்க் கார்டில் அப்படி ஒரு பூட்டே கிடையாது. ஐபி, டிஎன்எஸ் எல்லாம் விண்டோஸுக்குள் இருப்பவை. கார்டில் இருப்பது அதன் மேக் முகவரி (கார்டுக்கென்றே உள்ள அடையாள எண்), நெட்வொர்க் வழியாகக் கணினியைத் தொடங்குவதற்கான சின்ன மென்பொருள் போன்றவைதான். மதர்போர்டிலேயே இருக்கும் கார்டை நிறுத்துவதும் நெட்வொர்க் வழியாகத் தொடங்குவதைத் தடுப்பதும் பயோஸில் நடக்கும் வேலை, அதைக் காப்பது பயோஸ் பாஸ்வேர்ட். ஆக, பூட்டு இருப்பது விண்டோஸிலும் பயோஸிலும். கார்டை மாற்றினாலும் செட்டிங்ஸை மாற்றப் போனால் விண்டோஸ் அதே பாஸ்வேர்டைத்தான் கேட்கும். காசை வாங்கிக்கொண்டு அவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டைத் தட்டிவிட்டுப் போயிருப்பார், அவ்வளவுதான்.

அன்றைக்கே வகுப்பை நடத்த ஒரு வழி இருந்தது. சாதாரண யூசர் கணக்கிலேயே கமாண்ட் புரொம்ப்டைத் திறந்து ஐபிகொன்ஃபிக் என்று தட்டினால் முகவரியும் கேட்வேயும் (இன்டர்நெட்டுக்குப் போகக் கணினி தேடும் ரவுட்டரின் முகவரி) தெரியும், அதற்குப் பாஸ்வேர்ட் தேவையில்லை. கேட்வே 192.168.0.1 என்று காட்டியது. புது ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் அதன் லேன் (உள் நெட்வொர்க்) முகவரியை 192.168.0.1 ஆக்கினேன். ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகி வந்ததும் எல்லாக் கணினியிலும் இன்டர்நெட் வந்துவிட்டது. கணினிகளில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

ஆனாலும் அட்மின் பாஸ்வேர்ட் வெளியாள் ஒருவரிடம் இருக்க விட முடியாது. டெஸ்க்டாப்களில் மின்சாரத்தைக் கழற்றி, மதர்போர்டில் சிமோஸை (பயோஸ் செட்டிங்ஸ் இருக்கும் நினைவகம்) அழிக்கும் ஜம்பர் என்ற சின்ன இணைப்பியை மாற்றி வைத்துப் பயோஸ் பாஸ்வேர்டை எடுத்தோம். ஃபைல்களைப் பென் டிரைவுக்கு எடுத்துவிட்டு விண்டோஸை மறுபடி போட்டோம். லப்டொப் அப்படியல்ல. பல மாடல்களில் பாஸ்வேர்ட் தனிச் சிப்பில் இருக்கும், பட்டரியைக் கழற்றினாலும் போகாது. அக்காவின் லப்டொப் இன்னும் பூட்டியபடிதான் கிடக்கிறது. கம்பனி ஏஜென்டிடம் கொண்டு போனால் வாங்கிய பில்லைக் காட்ட வேண்டும். நல்ல காலம், பில் இருக்கிறது.

உங்கள் இடத்தில் யாராவது இப்படிப் பூட்டித் தருவதென்றால் நல்லதுதான், பூட்டுங்கள். ஆனால் காசு கொடுப்பதற்கு முன் அட்மின், பயோஸ், ரவுட்டர் மூன்றின் பாஸ்வேர்டையும் தாளில் எழுதி வாங்கி, அவர் நிற்கும்போதே ஒவ்வொன்றையும் நீங்களே தட்டித் திறந்து பாருங்கள். அவர் போன பிறகு மூன்றையும் மாற்றிவிடுங்கள். வகுப்பில் உதவிக்கு வரும் ஆசிரியர் ஐபி மாற்ற வேண்டியிருந்தால் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுக்கத் தேவையில்லை. விண்டோஸில் ‘நெட்வொர்க் கொன்ஃபிகரேஷன் ஒப்பரேட்டர்ஸ்’ என்று ஒரு குழு இருக்கிறது, அவருடைய கணக்கை அதில் சேர்த்தால் போதும்.

இன்னொன்று. பாஸ்வேர்ட் தெரியவில்லை என்று அவசரப்பட்டு ரவுட்டரின் ரீசெட் துளையில் ஊசியைக் குத்தாதீர்கள். சில இணைப்புகளில் இன்டர்நெட் கம்பனி தந்த யூசர் நேமும் அதோடு அழிந்துவிடும். முதலில் கம்பனிக்குப் போன் எடுத்து அந்த விவரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாவனையாளர் முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. அக்காவின் முறைப்பாட்டோடு நெட்வொர்க் போட்டவருடைய வட்ஸ்அப் மெசேஜ்களையும் வேலைக்குக் காசு கொடுத்த பற்றுச்சீட்டையும் சேர்த்து வைத்திருக்கிறோம். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.