‘பர்மா தேக்கு’ என்று சொல்லி விற்ற சோபா

பழைய சோபா, சாய்வு நாற்காலி தேடி அலைபவர்கள் பணத்தைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

தாத்தா வீட்டுத் திண்ணையில் கிடந்ததைப் போன்ற பிரம்பு நாற்காலி எங்கள் அடுக்ககத்திலும் வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. சென்ற ஆவணியில் சென்னையில் ஒரு பழம்பொருள் கடையில் மூவர் உட்காரும் சோபாவும் இரண்டு நாற்காலிகளும் காட்டினார்கள். “செட்டிநாட்டு வீட்டுச் சாமான் அம்மா, அசல் பர்மா தேக்கு, நூறு வருடம் தாண்டியது” என்றார் கடைக்காரர். செட்டியார்கள் பர்மாவிலிருந்து தேக்கு கொண்டுவந்து வீடு கட்டியது உண்மை. அந்த உண்மையைக் காட்டித்தான் என்னிடம் 68,000 ரூபாய் வாங்கினார்.

ஐப்பசி மழை விடுவதற்குள் நாற்காலிக் கால்களின் அடியில் மஞ்சள் மாவு கொட்டத் தொடங்கியது. பெருக்கினால் மறுநாளும் கிடந்தது. தெருக்கோடி ஆசாரி வந்து சோபாவைக் கவிழ்த்தார். “உளுத்துப்போயிருக்கிறது அம்மா. வைரம் பாய்ந்த தேக்கில் உளு வண்டு இப்படி ஏறாது. இது ரப்பர் மரம், சாயம் ஏற்றியிருக்கிறார்கள்.”

மெத்தைக்குள் நுரைப்பஞ்சு இருந்தது. அதைப் பிற்பாடு மாற்றியிருக்கலாம், குற்றமில்லை. ஆனால் மரத்தோடு மரம் கோத்து முளை அடித்திருக்க வேண்டிய மூட்டுகள் எல்லாவற்றிலும் தலையில் கூட்டல் குறி போட்ட திருகாணிகள்! அவை 1930களில்தான் புழக்கத்துக்கே வந்தன. பிரம்பும் கைப்பின்னல் இல்லை. கையால் பின்னியிருந்தால் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் பிரம்பு ஏறி இறங்கும். இதில் துளையே இல்லை. இயந்திரத்தில் நெய்த பிரம்புப் பாயை வெட்டி, பள்ளத்தில் பசை வைத்து அழுத்தியிருந்தார்கள். கடையிலேயே ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நீங்கள் கட்டாயம் கவிழ்த்துப் பாருங்கள். விடமாட்டேன் என்றால் வந்துவிடுங்கள்.

“பழைய சாமானுக்கு உத்தரவாதம் கிடையாது” என்று கடைக்காரர் கையை விரித்தார். பழையது என்று அவர் சொன்னதே பொய் என்கிறேன், அதற்குப் பதில் இல்லை. பில்லில் ‘மர இருக்கை – 3’ என்று மட்டும் இருக்கிறது. தேக்கு என்ற சொல்லே இல்லை. மரத்தின் பெயரையும் காலத்தையும் பில்லில் எழுதி வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. போகத்தான் போகிறேன்.

சோபாவைப் பால்கனிக்குத் தள்ளிவிட்டோம். நேற்று, அம்மாவின் மாமரப் பெட்டிக்கு அடியிலும் அதே மஞ்சள் மாவைப் பார்த்தேன்.